பலகைக்கு எந்த லினக்ஸ்? ராஸ்பெரி பை ஓஎஸ் முதல் ஆல்பைன் வரை ஓர் ஒப்பீடு

ஆர்ம் சிப்புடன் வரும் சிங்கிள் போர்டு கணினியை (ஒரே பலகையில் அடங்கிய கணினி) வாங்கியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: இதில் எந்த லினக்ஸைப் போடுவது? கேட்பவர்களில் பெரும்பாலோர் மேசைக் கணினியில் உபுண்டுவோ டெபியனோ பயன்படுத்திப் பழகியவர்கள். பழகியதையே இங்கும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, கண்ணில் பட்ட ஆர்ம் இமேஜை (கார்டில் அப்படியே எழுதும் முழுத் தொகுப்புக் கோப்பு) தரவிறக்கி, எஸ்டி கார்டில் எழுதி, மின்சாரம் கொடுக்கிறார்கள். விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பலகை பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

பலகையில் பெரும்பாலும் பழுது இருக்காது. மேசைக் கணினியில் எந்த லினக்ஸ் நிறுவியும் தொடங்குவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் யூஇஎஃப்ஐ நிரல் தன்னிடம் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குச் சொல்லிவிடுகிறது. சிறிய ஆர்ம் பலகைகளில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி கிடையாது. எந்த முகவரியில் எந்தச் சாதனம் இருக்கிறது என்பதை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பு வழியாகக் கெர்னலுக்கு நாமே கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், கெர்னலைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ராக்சிப் சிப்புகள் கார்டின் தொடக்கத்திலிருந்து 32 கிலோபைட் தள்ளி அதைத் தேடும். ஆல்வின்னர் சிப்புகள் வழக்கமாக 8 கிலோபைட் தள்ளித் தேடும். இவை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடங்கள். கோப்பு மேலாளரில் பார்த்தால் தெரியாது. ராஸ்பெரி பையின் வழி வேறு: பழைய மாதிரிகள் ஃபேட் பார்ட்டிஷனில் உள்ள கோப்புகளைத் தேடும், பை 4 முதல் பூட்லோடர் பலகையிலேயே தனிச் சிப்பில் இருக்கிறது. ஆகவே ஒரு பலகைக்கான இமேஜ் இன்னொன்றில் ஓடும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பலகைகளில் டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் தொகுப்பின்) பெயர் இரண்டாவது விஷயம்தான். உங்கள் பலகைக்கான கெர்னலை யார் பராமரிக்கிறார்கள், இரண்டு ஆண்டு கழித்தும் பராமரிப்பார்களா என்பதே முதல் விஷயம். மேசைக் கணினி உலகத்தில் இந்தக் கேள்வியே எழாது என்பதால்தான் பலரும் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கெர்னல் யார் கையில்? பிரதான லினக்ஸ் கெர்னலிலேயே உங்கள் சிப்புக்கு ஆதரவு சேர்ந்துவிட்டதா, அல்லது சிப் நிறுவனம் எப்போதோ பிரித்தெடுத்துத் திருத்திய பழைய கெர்னலை நம்பியிருக்கிறீர்களா? இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே மற்ற அளவுகோல்களில் பாதி முடிவாகிவிடும்.

வன்பொருளில் எவ்வளவு வேலை செய்கிறது? பலகை தொடங்கிவிட்டது என்பது ஒன்று. ஜிபியு, வீடியோ டிகோடர், கேமரா, வைஃபை, என்பியு (செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கான பகுதி) எல்லாம் ஓடுகின்றன என்பது வேறு. திரையே இணைக்காத சர்வராக வைக்கப்போகிறவருக்கு இதில் பாதி தேவையில்லை.

பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு? இணையத்தைப் பார்த்து உட்காரும் கருவி என்றால் இதில் சமரசம் வேண்டாம்.

எஸ்டி கார்டு எவ்வளவு தேயும்? லாக் கோப்புகளும் (நடப்பதைப் பதிவுசெய்பவை) ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) ஓயாமல் எழுதுவதால்தான் பெரும்பாலான கார்டுகள் சாகின்றன.

திரையும் கீபோர்டும் இல்லாமல் முதல் பூட்டை, அதாவது முதன்முறை தொடங்குவதை, தாண்ட முடியுமா? பயனர் பெயர், வைஃபை, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்நுழையும் வழி) ஆகியவற்றைக் கார்டை எழுதும்போதே அமைத்துவிட முடிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

நீங்கள் ஓட்டப்போகும் மென்பொருள் கிடைக்குமா? 64 பிட் பதிப்பு மட்டும் வெளியிடும் மென்பொருள்கள் பெருகிவிட்டன. சில சமயம் டிஸ்ட்ரோ எதுவானாலும் பயனில்லை: மாங்கோடிபி 5.0 முதல் ஆர்ம்வி8.2 வகைச் சிப் தேவைப்படுகிறது. பை 4இன் சிப் ஆர்ம்வி8.0 வகை என்பதால் அதிகாரப்பூர்வ பதிப்பு அங்கே ஓடாது. பை 5இல் ஓடும். இதைத் தெரியாமல் டிஸ்ட்ரோவை மாற்றி மாற்றிப் போட்டால் நேரம்தான் வீண்.

| தேர்வு | கெர்னல் | வன்பொருள் ஆதரவு | கார்டு தேய்மானம் | முதல் பூட் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ராஸ்பெரி பை ஓஎஸ் | பை தரப்பே பராமரிப்பது | பையில் முழுமை | நடுத்தரம் | மிக எளிது | பை வைத்திருப்பவர்கள் அனைவரும் |
| உபுண்டு சர்வர் | பைக்கான தனிக் கெர்னல் | பையில் நன்று, கேமரா தவிர | சற்று அதிகம் | கிளவுட் இனிட் (முதல் பூட்டில் அமைக்கும் கருவி) தெரிந்தால் எளிது | நீண்டகால சர்வர் |
| ஆர்ம்பியன் | வெண்டார் (சிப் நிறுவனத்தின்) அல்லது பிரதானக் கெர்னல் | பலகைக்குப் பலகை மாறும் | குறைவு | எளிது | பை அல்லாத பலகைகள் |
| டயட்பை | பெரும்பாலும் பிறருடையது | அடித்தளத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு | தானியங்கி | சிறிய ரேம், வீட்டுச் சர்வர் |
| தயாரிப்பாளர் இமேஜ் | பழைய வெண்டார் கெர்னல் | பெரும்பாலும் முழுமை | அதிகம் | எளிது | என்பியு, கேமரா, வீடியோ வேலை |
| ஆல்பைன் | பெரும்பாலும் பிரதானக் கெர்னல் | வரம்புக்குட்பட்டது | ஏறக்குறைய இல்லை | கையால் செய்ய வேண்டும் | ஒரே வேலைக்கான கருவி |

## ராஸ்பெரி பை ஓஎஸ்

உங்களிடம் இருப்பது ராஸ்பெரி பை என்றால், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கத் தெளிவான காரணம் கிடைக்கும்வரை இதிலேயே இருங்கள். பலகையைச் செய்பவர்களும் கெர்னலைப் பராமரிப்பவர்களும் ஒரே தரப்பு என்ற வசதி ஆர்ம் பலகை உலகில் அரிது.

2012இல் வந்த முதல் பையின் சிப் ஆர்ம்வி6 வகை. டெபியனின் ஆர்ம்எச்எஃப் பதிப்பு ஆர்ம்வி7ஐ எதிர்பார்ப்பதால் அதில் ஓடாது. அதற்காகவே மொத்த டெபியனையும் மறுபடி தொகுத்து உருவானதுதான் ராஸ்பியன். 2020இல் அது ராஸ்பெரி பை ஓஎஸ் என்று பெயர் மாறியது. 2022 பிப்ரவரியில் 64 பிட் பதிப்பு நிலையானதாக அறிவிக்கப்பட்டது. பழைய பை ஸீரோ இழுப்பறையில் கிடக்கிறது என்றால் அதற்கு 32 பிட் பதிப்பு இன்றும் இருக்கிறது. பை 3, 4, 5 எல்லாவற்றுக்கும் 64 பிட் பதிப்பையே போடுங்கள்.

முதல் பூட் விஷயத்தில் இதற்கு இணை இல்லை. ராஸ்பெரி பை இமேஜர் என்ற கருவி கார்டை எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, எஸ்எஸ்ஹெச் எல்லாவற்றையும் கேட்டு எழுதிவிடுகிறது. 2022 ஏப்ரல் முதல் இயல்பான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ‘பை’, ‘ராஸ்பெரி’ என்று தட்டிப் பார்ப்பவர்களுக்கு உள்ளே வழி கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. புதிய டெபியன் தலைமுறை வரும்போது இருந்த இடத்திலேயே மேம்படுத்துவதை அவர்கள் பரிந்துரைப்பதில்லை. புதிய கார்டில் புதிதாக நிறுவச் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஒருநாள் வேலையை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த புக்வார்ம் பதிப்பில் நெட்வொர்க் அமைப்பே நெட்வொர்க் மேனேஜருக்கு மாறியது; பழைய அமைப்புக் கோப்புகளை அப்படியே நகலெடுத்தவர்களுக்கு நிலையான ஐபி முகவரி காணாமல் போனது. மற்றொன்று பை 5க்கு உரியது. அதில் இயல்பாக ஓடும் கெர்னல் நினைவகத்தை 16 கிலோபைட் பக்கங்களாகக் கையாள்கிறது. 4 கிலோபைட் என்று நம்பித் தொகுக்கப்பட்ட சில மென்பொருள்கள் ‘பக்க அளவு ஆதரிக்கப்படவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். பூட் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய அளவுக் கெர்னலுக்கு மாறலாம். ஆனால் காரணம் இதுதான் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

## உபுண்டு சர்வர்

ராஸ்பெரி பைக்கென்று தனிக் கெர்னலை உபுண்டு தரப்பே பராமரிக்கிறது. 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் உண்டு. தனிநபர்கள் ஐந்து கருவிகள்வரை உபுண்டு ப்ரோவை இலவசமாகப் பெற்று அதைப் பத்து ஆண்டாக நீட்டிக்கலாம். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு இருந்த இடத்திலேயே மாறும் வழியும் இருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே உபுண்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு அதே ஸ்கிரிப்டுகள், அதே பழக்கம் இங்கும் செல்லும்.

ஆனால் ஸ்னாப் (உபுண்டுவின் பேக்கேஜ் முறை), தானியங்கி அப்டேட், கிளவுட் இனிட் எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபி ரேம் பலகையை மூச்சுத் திணற வைக்கும். முதல் பூட்டிலேயே இதைப் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் ஒரு பேக்கேஜை நிறுவக் கட்டளை கொடுத்தால், பேக்கேஜ் அமைப்பைப் பூட்டிவைக்கும் கோப்பு வேறொரு நிரலிடம் இருக்கிறது என்ற செய்தி வரும். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுமையிழந்து மின் இணைப்பைப் பிடுங்கினால் பேக்கேஜ் தரவுத்தளம் அரைகுறையாக நிற்கும். கார்டில் எழுதுவது மெதுவாக நடக்கும் என்பதை மனத்தில் வைத்து, அது முடியும்வரை விட்டுவிடுங்கள்.

பை கேமராவை வைத்து ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால் உபுண்டு வேண்டாம். கேமராவுக்கான மென்பொருள்கள் சீராகவும் முதலிலும் வந்து சேரும் இடம் ராஸ்பெரி பை ஓஎஸ்தான். 4 ஜிபிக்கு மேல் ரேம், எஸ்டி கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி, திரையில்லாத சர்வர் என்ற மூன்றும் பொருந்தினால் உபுண்டு நல்ல தேர்வு.

## தயாரிப்பாளர் தரும் இமேஜ்

பை அல்லாத பலகையை வாங்கியவர் முதலில் சந்திப்பது இதைத்தான். பெட்டியைத் திறந்தவுடன் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்றால் இதை விஞ்சுவது கடினம். வீடியோ டிகோடர் ஓடும், எச்டிஎம்ஐயில் படம் வரும், என்பியுவில் பொருள் அடையாளம் காணும் மாதிரி நிரல்கூடச் சேர்ந்தே வரும். ராக்சிப்பின் ஆர்கே3588 சிப் நல்ல உதாரணம். அதன் பலகைகள் 2022இலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. பிரதான கெர்னலில் அதன் மாலி ஜிபியுவுக்கான பாந்தர் டிரைவர் 6.10 பதிப்பில்தான் சேர்ந்தது. எச்டிஎம்ஐ வெளியீடு 6.13 வரை காத்திருந்தது. அதுவரை திரையில் படம் பார்க்க விரும்பியவர்களுக்குச் சிப் நிறுவனத்தின் 5.10 அல்லது 6.1 கெர்னலைவிட்டால் கதியில்லை.

செலவு பின்னால் வருகிறது. இந்தக் கெர்னல் தொகுப்பு சிப் நிறுவனம் தன் தேவைக்காகச் செய்தது. பலகை செய்யும் நிறுவனம் அதன்மேல் சில திருத்தங்களைப் போட்டு இமேஜாக்குகிறது. அடுத்த மாதிரி பலகை சந்தைக்கு வந்ததும் பழைய மாதிரிக்கு இமேஜ் வெளியாவது குறைந்து, பிறகு நின்றேபோகிறது. டெபியன் களஞ்சியத்திலிருந்து மற்ற பேக்கேஜ்களுக்கு அப்டேட் வந்துகொண்டே இருப்பதால் கருவி நலமாக இருப்பதுபோலத் தோன்றும். கெர்னல் மட்டும் பெட்டியைத் திறந்த நாளிலேயே நின்றிருக்கும்.

இதன் ஆபத்தை 2016இல் உலகமே பார்த்தது. ஆல்வின்னர் வெளியிட்ட 3.4 கெர்னலில், சோதனைக்காக வைத்த ஒரு வழி நீக்கப்படாமல் இருந்தது. ப்ராக் கோப்பகத்தில் இருந்த ஒரு கோப்புக்குள் ‘ரூட் மை டிவைஸ்’ என்று எழுதினால் போதும். சாதாரணப் பயனர் அந்தக் கணமே ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகிவிடலாம். அந்தக் கெர்னலைப் போட்டு விற்ற பலகைகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அது அப்படியே போய்ச் சேர்ந்தது. பிரதான கெர்னலில் இப்படி ஒரு வரி பலர் கண்ணிலும் படாமல் நுழைவது மிகக் கடினம். என் கவலை இதில்தான்: நாலு பேர் பார்வைக்கே வராத கெர்னலை நம்பி வீட்டு நெட்வொர்க்கின் வாசலைத் திறந்துவைப்பது.

வெளி இணையத்தைத் தொடாத வேலைக்கு, என்பியு அல்லது வீடியோவுக்கு என்று வாங்கியிருந்தால் இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். முதலில் எல்லாப் பயனர்களின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். முன்கூட்டியே சேர்த்துவைத்த எஸ்எஸ்ஹெச் சாவிகள் ஏதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பிறகு நெட்வொர்க் கேபிளைச் செருகுங்கள்.

## ஆர்ம்பியன்

மேலே சொன்ன சிக்கலுக்கு இன்று இருக்கும் சிறந்த விடை ஆர்ம்பியன். டெபியன் அல்லது உபுண்டுவை அடித்தளமாக வைத்து, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாகக் கெர்னலையும் பூட்லோடரையும் தொகுத்துத் தருகிறார்கள். ஒரே பலகைக்கு வெண்டார், கரன்ட், எட்ஜ் என்று கெர்னல் கிளைகள் இருக்கும். வெண்டார் கிளையில் வன்பொருள் அதிகம் ஓடும்; கரன்ட் கிளை பிரதான கெர்னலின் நிலையான பதிப்பைத் தொடரும்; எட்ஜ் சோதனைக்கு உரியது. சர்வராக வைப்பவர் கரன்ட் கிளையையும், திரையில் வீடியோ பார்ப்பவர் வெண்டார் கிளையையும் எடுப்பது என் பரிந்துரை.

கார்டைக் காப்பாற்றுவதிலும் அக்கறையானவர்கள். லாக் கோப்புகள் ரேமில் எழுதப்பட்டு அவ்வப்போதுதான் கார்டுக்கு இறங்குகின்றன. ஸ்வாப்பும் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கப்படுகிறது. திடீரென்று மின்சாரம் போனால் கடைசி லாக் வரிகள் கிடைக்காது என்பது இதற்குக் கொடுக்கும் விலை. எதனால் கருவி நின்றது என்று ஆராய வேண்டிய நேரத்தில்தான் அந்த இழப்பு உறைக்கும்.

ஆர்ம்பியனைத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடும் ஒன்று, ஆதரவு நிலை. தளத்தில் உங்கள் பலகைக்கு இமேஜ் இருக்கிறது என்பதாலேயே யாரோ பொறுப்பெடுத்துச் சோதிக்கிறார்கள் என்று பொருளல்ல. பராமரிப்பாளர் உள்ள பலகைகள் ஒரு வகை. சமூகம் முடிந்தபோது பார்த்துக்கொள்ளும் பலகைகள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் ஒரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை நின்றுபோனால் நீங்களேதான் காரணம் தேட வேண்டும். அந்த வகைப் பலகை என்றால், எல்லாம் ஓடும் நிலையில் ஆர்ம்பியன் கான்ஃபிக் கருவி வழியாகக் கெர்னல் அப்டேட்டை நிறுத்திவையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, கார்டின் நகலை எடுத்துக்கொண்ட பிறகு, நீங்களாகத் திறந்து மேம்படுத்துங்கள்.

இன்னொரு வலை: இஎம்எம்சி அல்லது எஸ்பிஐ ஃபிளாஷ் (பலகையோடு சேர்ந்த சேமிப்புச் சிப்) உள்ள பலகைகள் சிலவற்றில், எஸ்டி கார்டைச் செருகினாலும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பழைய பூட்லோடரே முதலில் ஓடும். புதிய கெர்னலை அதற்குத் தொடங்கத் தெரியாமல் நின்றுவிடும். புதிய இமேஜ் ஓடவில்லை என்றால் கார்டைக் குறை சொல்வதற்கு முன் உள்ளே இருப்பதை அழித்துப் பாருங்கள்.

## டயட்பை

டெபியனை மெலியவைத்து, தேவையான மென்பொருளைப் பட்டியலிலிருந்து தேர்வு செய்து நிறுவும் வசதியோடு வருவது. கார்டில் இருக்கும் ஒரே ஒரு உரைக் கோப்பில் எல்லா விருப்பங்களையும் எழுதிவைத்தால், முதல் பூட்டில் தானாகவே நிறுவி முடித்துவிடும். பத்துப் பலகைகளை ஒரே மாதிரி அமைக்க வேண்டியவருக்கு இது பெரிய உபகாரம். 512 எம்பி ரேம் பலகையில் விளம்பரத் தடுப்பானையோ கோப்புப் பகிர்வையோ ஓட்ட இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரியாது.

கெர்னல் விஷயத்தில் பல பலகைகளில் ஆர்ம்பியனின் உழைப்பையே சார்ந்திருக்கிறது. அங்கே உள்ள குறை இங்கும் வரும். மென்பொருள்களை அதன் கருவி வழியாக நிறுவினால் அமைப்புக் கோப்புகளும் அதன் வழக்கப்படியே இருக்கும் என்பதால், பொதுவான டெபியன் வழிகாட்டிகள் சில இடங்களில் பொருந்தாது.

## ஆல்பைன், ஆர்ச், மற்றவை

ஆல்பைனின் டிஸ்க்லெஸ் முறை அருமையானது. கணினி முழுவதும் ரேமில் ஏறி ஓடும். கார்டு படிப்பதற்கு மட்டும்தான். எப்போது மின்சாரத்தைப் பிடுங்கினாலும் கோப்பு முறைமை கெடாது. ஆர்ம்வி6 பையிலும் ஓடுகிறது. ஆனால் நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும் ‘எல்பியு கமிட்’ என்ற கட்டளை கொடுத்துக் கார்டில் சேமிக்காவிட்டால், அடுத்த பூட்டில் அது இருந்த சுவடே இருக்காது. பெரும்பாலான லினக்ஸ்கள் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்துக்குப் பதிலாக மசில் நூலகத்தைப் பயன்படுத்துவதால், ஜிலிப்சிக்காகத் தொகுத்து வெளியிடப்படும் நிரல்கள் பெரும்பாலும் நேராக ஓடாது. ஒரே வேலையைச் செய்யும் கருவிக்கு ஏற்றது. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் பலகைக்கு ஏற்றதல்ல.

ஆர்ச் லினக்ஸ் ஆர்ம், ஆர்ச்சிலிருந்து வேறான தனித் திட்டம். ஆர்ச் பழகியவர் கற்றுக்கொள்வதற்கு வைத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் ஓட வேண்டிய இடத்தில் வேண்டாம். பலகையை டிவிக்குப் பின்னால் மட்டும்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் லிப்ரெஎலெக், வீட்டுத் தானியங்கி அமைப்புக்கு மட்டும் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ். பொது லினக்ஸைத் தேடவே வேண்டாம்.

## எழுதுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எந்தத் தேர்வானாலும் ஓடிக்கொண்டிருக்கும் கார்டின் மேல் எழுதாதீர்கள். இரண்டாவது கார்டில் முயன்று பாருங்கள். மின்சாரத்தையும் சரிபாருங்கள். பை 5க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். குறைந்ததைப் போட்டால் யூஎஸ்பி போர்ட்டுகளுக்குப் போகும் மின்னோட்டம் 600 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்படும். அதில் எஸ்எஸ்டியைச் செருகிவிட்டு டிஸ்ட்ரோ சரியில்லை என்பவர்கள் நிறையப் பேர்.

பை அல்லாத பலகைக்கு யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், 3.3 வோல்ட் வகையாக. திரை கறுத்திருக்கும்போது பூட்லோடர் எந்த வரியில் நின்றது என்று அது மட்டுமே காட்டும். ராக்சிப் பலகைகள் பலவும் நொடிக்கு 15,00,000 பிட் வேகத்தில் பேசுகின்றன. பை பேசுவது 1,15,200. எல்லாக் கேபிள்களும் அந்த உயர் வேகத்தைத் தாங்குவதில்லை, சிபி2102 சிப் உள்ளவை 10 லட்சத்தோடு நின்றுவிடும். சிஎச்340 சிப் உள்ளவை 20 லட்சம்வரை தாங்கும் என்பதால் அதைப் பார்த்து வாங்குங்கள்.